வாலைப் பிடித்தவள்

அத்தியாயம் 11

போன வார அத்தியாயத்தில் சித்தப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து, மாவுக்கட்டு போட்ட வலது காலுக்கு அடியில் இரண்டு தலையணை கொடுத்துப் படுக்கவைத்துவிட்டுக் கிளம்பினோம். தலையணைகள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. கால்வலி பரவாயில்லை. தூக்கம்தான் வரவில்லை. கீழ்வீட்டில் அவருக்கு வரவில்லை, மாடிவீட்டில் பொடிசுக்கும் வரவில்லை.

பொடிசு என்றதும் கைக்குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். பதினாறு முடிந்துவிட்டது. பிறந்தபோது ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடுவாள் போலிருந்தாளாம். சித்தப்பா வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது.

கதைக்குள் இன்றுதான் வந்து உட்கார்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பொடிசின் அப்பா இருபது வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர். ஊரான் வீட்டு மாப்பிள்ளையை எத்தனை நாளைக்குத்தான் குளோசப்பில் பார்ப்பது என்று ஒருநாள் அலுத்துப்போய், வேற்றுக்கிரகவாசிகள் பூமியைப் பிடிக்க வருகிற படம் ஒன்றை எடுக்க இறங்கிவிட்டார். கையில் இருந்தது ஒரு கேமராவும் ஒரு குடும்பமும். பறக்கும் தட்டு என்பது கழற்றிப்போட்ட வாஷ்பேசினைக் கவிழ்த்து, சுற்றிலும் பைக் இண்டிகேட்டர் விளக்கு ஒட்டியது. படையெடுத்து வருகிறவர்களுக்கு ஒரே ஒரு உடுப்பு. கார் சீட் கவர் தைக்கிற கடையில் வேலை பார்க்கும் சித்தி, மிஞ்சிய ரெக்சினையும் ஸ்பாஞ்சையும் வைத்துத் தைத்துக் கொடுத்தது. இரண்டாவது உடுப்புக்கு ரெக்சின் போதவில்லை.

அதனால் சித்தப்பா அந்த ஒரே உடுப்புக்குள் நுழைந்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் முப்பது தடவை நடந்தார். அப்பா அதையெல்லாம் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். படத்தில் ஆயிரம் பேர் வருகிறார்கள். ஆயிரம் பேரும் சித்தப்பாதான்.

உடுப்புக்குள் போய்விட்டால் கண் தெரியாது. மூச்சுவிடக் கழுத்தருகே ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அதற்குச் சித்தப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் டவுன் பஸ் டிரைவர். உடுப்பின் நீளமான வாலுக்குள் ஒரு கயிறு, அதன் மறுமுனை அவர் இடுப்பு பெல்ட்டில்.

"ஒண்ணு இழுத்தா நிப்பாட்டு. ரெண்டு இழுத்தா எடு. கண்டக்டர் மணி மாதிரி. இருபத்திரண்டு வருஷமா அந்த ரெண்டு மணிக்குத்தான் என் கால் அசையுது. மூளைக்குக்கூட அப்புறம்தான் சேதி போகும்."

வாலைப் பிடிக்கிற வேலை பொடிசுக்கு.

பாதி கட்டி நின்ற கட்டிடத்தில், கைப்பிடி வைக்காத மாடிப்படித் திருப்பத்தில் அன்று என்ன நடந்தது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். விளிம்பில் அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். சித்தப்பா நின்றார். பிறகு இரண்டு இழுப்பு இழுத்தாள். சித்தப்பா எடுத்தார். எடுத்த அடிக்குக் கீழே தரை இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் கேட்டபோது, "நான் ஒண்ணுதான் இழுத்தேன்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அந்த ஷாட்டின் முன்பகுதியை வெட்டி எடுத்தாள். பாக்கியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, முழுசாக இருந்ததைத் தன் பள்ளிக்கூட நோட்ஸ் வைத்திருக்கிற ஃபோல்டருக்குள் ஒளித்தாள். இன்றோடு ஒன்பது நாள்.

*

காலையில் படத்தை வாங்குகிற ஆள் வந்தார். இரண்டு போன் வைத்திருந்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடியே ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கிய முன்னறையில் உட்கார்ந்தார்.

பறக்கும் தட்டு வந்தபோது கொட்டாவி விட்டார். ஆயிரம் சித்தப்பாக்கள் நடந்து வந்தபோது, "எல்லாரும் ஒரே மாதிரி நொண்டறாங்களே" என்றார்.

"அவங்க கிரகத்துல அப்படித்தான்" என்றார் அப்பா.

சித்தப்பாவின் இடது பூட்ஸ் அரை இஞ்ச் பெரிசு. சமையலறைக் கதவருகே நின்ற அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு அந்த ஷாட் வந்தது. விளிம்பில் ஒரு கரிய உருவம், ஒரு அடி, ஆகாயத்தில் ஒரு கை, அப்புறம் வெறும் தூசி.

வந்தவர் இரண்டு போனையும் கீழே வைத்தார்.

"யாரு சார் இது? சண்டைக் கலைஞரா?"

"என் தம்பி. பஸ் ஓட்டறான்."

"முகமே தெரியல. ஆனா பயம் தெரியுது பாருங்க. இதையே போஸ்டரா போட்டுடலாம். படத்தை நான் எடுத்துக்கறேன்." அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணு மட்டும். இதுக்கு முன்னாடி கொஞ்சம் இருக்குமே. விளிம்புல வந்து நிக்கணும். நின்னு யோசிக்கணும். அப்புறம் காலை எடுத்து வெக்கணும். அது இருக்கா?"

பொடிசு ஜன்னல் போர்வையை அவிழ்க்கப் போனாள்.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். "ஒரிஜினல் எங்கம்மா?"

"காப்பி ஆகும்போது கெட்டுப்போச்சுப்பா."

இதே அப்பா ஒரு லென்ஸ் மூடி தொலைந்ததற்கு மூன்று நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியவர். பீரோவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் பழைய மூக்குத்தி கிடைத்ததே அந்தத் தேடலில்தான். அவர் இப்போது கத்தவில்லை. "கெட்டுப்போச்சா" என்று கேட்டார். "சரி, விடு" என்றார். வந்தவர் குடித்துவைத்த டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அப்பா நம்பிவிட்டார் என்று பொடிசு நினைத்தாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

*

மத்தியானம் அம்மா கொடுத்த சாப்பாட்டுத் தூக்கோடு கீழே இறங்கினாள். சித்தி கடைக்குப் போயிருந்தாள். சித்தப்பா கட்டிலில் இல்லை. சுவர் ஓரமாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது காலில் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"சித்தப்பா, என்ன பண்றீங்க?"

"பேசாத. எண்ணிட்டிருக்கேன். நாப்பத்தி ஒண்ணு... நாப்பத்தி ரெண்டு..." நாற்பத்தெட்டில் தடுமாறிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நேத்து அம்பத்தி மூணு. இன்னைக்குக் குறைஞ்சுடுச்சு."

"ஒத்தக் கால்ல யார் நின்னாலும் தடுமாறும்."

"கொக்கு நிக்குதே."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் கை காட்டினார். "சரி வா. ரோட்டுல போற வண்டி நம்பரைப் படிக்கறேன், சரியானு சொல்லு." மூன்று வண்டி படித்தார். மூன்றும் சரி. ஆனாலும் முகம் தெளியவில்லை.

மருந்து மாத்திரைகளுக்கு நடுவில் ஒரு கடிதம் இருந்தது. டெப்போவிலிருந்து. நாளைக் காலை பத்து மணிக்கு மருத்துவக் குழு முன்னால் வரவேண்டும், கீழே விழுந்ததற்கான காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும்.

"கால் ஒடஞ்சதைப் பத்தி அவங்களுக்குக் கவலை இல்ல" என்றார் சித்தப்பா. "எலும்பு மூணு மாசத்துல கூடிடும். எப்படி விழுந்தேன்னு கேக்கறாங்க. கால் தவறி விழுந்தா அது வேற. தலை சுத்தி விழுந்தா, அப்புறம் ஸ்டீரிங்கைத் தொட விடமாட்டாங்க. ஆபீஸ்ல உக்கார வெச்சு, பஸ்ல தொலைஞ்ச குடையெல்லாம் எண்ணச் சொல்லுவாங்க."

பொடிசு தூக்கைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"நீதானே பின்னாடி இருந்தே" என்றார் அவர், மெதுவாக. "நான் அன்னைக்கும் கேட்டேன். கோவிச்சுக்காத, இன்னொரு தடவை கேக்கறேன். எனக்கு இடுப்புல ரெண்டு விழுந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. டக், டக்குனு. நீ ஒண்ணுதான் இழுத்தே, இல்ல?"

இதுதான் நேரம். வாயைத் திறந்தால் போதும். ஆனால் அந்த முகம் மாறுவதைப் பார்க்கவேண்டுமே என்ற பயம். சின்ன வயசில் அவளைப் பஸ்ஸில் தன் சீட்டுக்குப் பின்னால் நிற்கவைத்து, பாதை முழுக்கக் கதை சொல்லிக்கொண்டே ஓட்டிய மனுஷன்.

"ஒண்ணுதான்" என்றாள்.

சித்தப்பா கடிதத்தை எடுத்து மடித்தார்.

"அப்போ மண்டையிலதான் கோளாறு. நடக்காதது நடந்த மாதிரி தோணியிருக்கு. நாளைக்கு அப்படியே எழுதிக் குடுத்துடறேன்."

"வேண்டாம் சித்தப்பா. கால் தவறிடுச்சுனு எழுதுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே." அவர் கோபப்படவே இல்லை. "பின்னாடி அறுபது பேர் உக்காந்திருக்கான். பாதிப் பேர் தூங்கறான். என்னை நம்பித்தானே தூங்கறான்? மணி அடிக்காமயே மணி கேக்கற ஆள் வண்டி ஓட்டக் கூடாது, பொடிசு."

தூக்கைக் கட்டில் மேலேயே வைத்துவிட்டு அவள் மாடிப்படி ஏறினாள். புலி வாலைப் பிடித்தவனாவது பயத்தில் கையை விடமாட்டான். இவளோ பிடித்த கையை அன்றே விட்டுவிட்டாள். ஒன்பது நாளாகியும் உள்ளங்கையில் கயிறு இருந்துகொண்டே இருந்தது.

*

ராத்திரி அப்பா சாப்பிடாமல் பாயைப் போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார். "படம் வித்துப்போச்சு, மனுஷன் மூஞ்சியப் பாரு" என்று அம்மா தட்டைக் கழுவினாள்.

பொடிசு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். நோட்ஸுக்கு நடுவே ஒளித்ததைத் திறந்தாள். வெட்டிய அன்று அதைச் சத்தம் இல்லாமல்தான் பார்த்திருந்தாள். படத்துக்குப் பேச்சும் சத்தமும் பிறகு சேர்ப்பதாக இருந்ததால், கேமராவில் பதிவான சத்தத்தை யாருமே கேட்பதில்லை. இன்று என்னவோ காதில் ஹெட்போனை மாட்டினாள்.

காற்று. எங்கேயோ ஒரு நாய். உடுப்புக்குள்ளிருந்து சித்தப்பாவின் மூச்சு. திரையின் ஓரத்தில் அவளுடைய கை மட்டும் தெரிந்தது, கறுப்பு வாட்சோடு. ஒரு இழுப்பு. உருவம் நின்றது. பின்னால் ஆகாயம், முன்னால் ஒன்றுமில்லை. இப்போது பார்த்தாலும் அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுதான் தன்னைக் கெடுத்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் பக்கம் திருப்பிவைத்த கேமராவின் சின்னத் திரையில் அதைப் பார்த்து மயங்கி, இன்னும் ஒரு அடி என்று தன் மனசே சொன்னதாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மனசு சொல்லவில்லை. ஹெட்போனுக்குள், கேமராவுக்குப் பின்னாலிருந்து, அடித்தொண்டையில் ஒரு குரல் சொன்னது.

"அடடா... பொடிசு, இன்னும் ஒரு அடி. ஒரே ஒரு அடி விடு."

அப்பா.

பிறகு அவள் கை. டக், டக்.

முதலில் வந்தது நிம்மதி. நான் மட்டும் இல்லை. அடுத்த நொடியே அந்த நிம்மதியை நினைத்துக் கூசிப்போனாள். சொன்னது யாராக இருந்தால் என்ன, இழுத்தது இந்தக் கைதானே? விளிம்புக்குப் பக்கத்தில் நின்றது அவள். அங்கே தரை இல்லை என்று கண்ணால் பார்த்தவள் அவள். அப்பா லென்ஸுக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டை மேலும் கீழுமாகப் பிரித்துக்கொண்டு, ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்லை. இந்தக் குரலைச் சித்தி கேட்டால் அப்புறம் இந்த மாடிப்படியில் யார் ஏறுவார்கள், யார் இறங்குவார்கள்?

என் பங்கை மட்டும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். சத்தத்தை முழுசாகக் குறைத்தாள். ஹெட்போனைத் தரையில் வைத்துவிட்டு, மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

*

சித்தி விளக்கடியில் உட்கார்ந்து, சித்தப்பாவின் யூனிஃபார்ம் பேன்ட்டில் வலதுகால் தையலை மேலிருந்து கீழ்வரை பிரித்துக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கால் நுழையவேண்டுமே.

"நாளைக்கு யூனிஃபார்ம்லதான் போவேன்னு அடம்" என்றாள் சித்தி. "கடைசியா ஒரு தடவை போட்டுக்கறாராம். நீ என்ன இந்த நேரத்துல?"

பொடிசு உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டாள்.

"ரெண்டு இழுத்தேன்."

சித்தப்பா தலையைத் தூக்கினார். "என்னது?"

"அன்னைக்கு. ஒண்ணு இழுத்தேன், நீங்க நின்னீங்க. அப்புறம் ரெண்டு இழுத்தேன். நான்தான் இழுத்தேன். எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். மத்தியானம்கூடப் பொய்தான் சொன்னேன்."

அடி விழும் என்று நினைத்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சித்தப்பா கண்ணை மூடினார். அவருடைய தோள் இரண்டும் மெல்ல மெல்லக் கீழே இறங்கின.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார். பிறகு சித்தியிடம், "ஏய், எனக்கு ஒண்ணும் இல்லடி. மண்டை சரியாத்தான் இருக்கு. ரெண்டுதான் விழுந்திருக்கு. நான் சரியாத்தான் எடுத்திருக்கேன்."

அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அதைப் பார்க்கப் பொறுக்காமல் பொடிசு தரையைப் பார்த்தாள்.

சித்தியின் கை நின்றுவிட்டது.

"ஒம்பது நாள்" என்றாள் சித்தி. குரல் உயரவே இல்லை. "ராத்திரி எந்திரிச்சு, இது கட்டில்தானே, இது சுவர்தானேன்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டார். பக்கத்துல படுத்திருந்தவ நான். நீ மேல படுத்திருந்தே."

"மன்னிச்சிடுங்க சித்தி."

"அதை அப்புறம் பாக்கலாம். அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்குன்னா, காமி."

மடிக்கணினியைக் கட்டில் மேல் வைத்தாள். ஓடவிட்டாள். சித்தப்பா திரையைத் தொடுகிற மாதிரி குனிந்தார்.

"பாத்தியா, ஒண்ணுக்கு நின்னுட்டேன். எப்படி நிக்கறேன் பாரு." பெருமை தாங்கவில்லை அவருக்கு. "இப்போ... டக், டக். ரெண்டு. எடுத்தாச்சு." விழுந்ததைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் சுருங்கியது. "ஏண்டா இழுத்தே?"

"அழகா இருந்துச்சு சித்தப்பா."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தன் காலைப் பார்த்தார்.

சித்தி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரெக்சினில் நூல் அளவு கோணல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அது. "திரும்பப் போடு" என்றாள். போட்டதும் திரையில் தெரிந்த சுவரில் ஒரு இடத்தைக் காட்டினாள். "இது உன் நிழல்தானே? ஒண்ணு இழுத்துட்டு ஏன் தலையைக் கேமரா பக்கம் திருப்பறே? அப்புறம்தான் ரெண்டு இழுக்கறே. யாராவது கூப்பிட்டாங்களா?"

"இல்ல சித்தி."

"சத்தம் எங்க?"

"சத்தம் இல்ல. இது சத்தம் இல்லாமத்தான் எடுத்தது."

உண்மையைச் சொல்ல இறங்கி வந்த இடத்தில், மூச்சுவிடுகிற மாதிரி இன்னொரு பொய்.

"சத்தம் இருக்கு."

வாசலில் அப்பா நின்றிருந்தார். கையில், அவள் மாடியில் விட்டுவந்த ஹெட்போன். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"காலையில கெட்டுப்போச்சுனு சொன்னியே, பொடிசு," என்றார். "அப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அப்பாடானு இருந்துச்சு. அந்த நிம்மதியோட சாப்பிட உக்காந்தேன். இறங்கல." அவர் தம்பியைப் பார்க்கவில்லை. "சத்தத்தைக் கூட்டு."

சித்தி பேன்ட்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

பொடிசின் விரல் சத்தத்தைக் கூட்டும் பொத்தான் மேல் போய் நின்றது. சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவருடைய கை தானாக இடுப்பு பெல்ட் இருக்கவேண்டிய இடத்துக்குப் போனது.

"நீதான் பின்னாடி நிக்கறே" என்றார். "எனக்கு இப்பவும் முன்னாடி ஒண்ணும் தெரியல. எடுக்கறதா, நிக்கறதா, நீ சொல்லு."

அவள் அழுத்தினாள். இரண்டு முறை. ஷாட்டை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டாள்.

முதலில் காற்று மட்டும்தான் கேட்டது.